அத்தைக்கு வந்த நோய்

ஹடப்சரில் எங்கள் குடியிருப்பில் உள்ள ஒரு தோழிக்குச் சில ஆண்டுகளுக்கு முன் மார்பில் கட்டி தெரிந்தது. "குடும்பத்தில் யாருக்காவது புற்றுநோய் இருந்ததா?" என்று டாக்டர் கேட்டபோது "இல்லை" என்றார். அம்மா, சித்தி, பாட்டி என்று தாய் வழியை மட்டுமே நினைத்துப் பார்த்திருக்கிறார். செய்தி கேட்டு ஊரிலிருந்து ஓடி வந்த அவருடைய அப்பா தயங்கித் தயங்கிச் சொன்னார்: "உன் பெரிய அத்தை நாற்பது வயதில் இதே நோயில்தான் போனாள். உங்களுக்கெல்லாம் கல்யாணம் ஆகவேண்டுமே என்று யாரிடமும் சொல்லவில்லை."

அந்த ஒரு செய்திக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? அதற்கு பி.ஆர்.சி.ஏ.1 என்ற புரோட்டீனைப் பற்றி அறியவேண்டும்.

நம் செல்களில் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழை இருக்கிறது. கதிர்வீச்சால் மட்டுமல்ல, செல்லின் அன்றாட வேலையாலும் அந்த இழை அறுந்துபோவது உண்டு. ஹடப்சர் தொழிற்பேட்டையில் பணிபுரியும் அன்பர்களுக்கு இனி சொல்வது எளிதில் புரியும். உதிரி பாகத்தில் குறை கண்டால் இன்ஸ்பெக்டர் மெஷினை நிறுத்தச் சொல்வார். ஃபிட்டர் சரிசெய்த பிறகுதான் வேலை தொடரும். பி.ஆர்.சி.ஏ.1 இந்த இரண்டு வேலைகளிலும் பங்கு கொள்கிறது. அறுந்த இழை இணையும்வரை செல் இரண்டாகப் பிரியாமல் நிறுத்திவைக்க உதவுகிறது. இணைக்கும் பணியிலும் கைகொடுக்கிறது. இது கெட்டுவிட்டால் பிழைகள் சேர்ந்துகொண்டே போய்ப் புற்றுநோயாக மாறலாம்.

இதற்கான மரபணு 17ஆம் குரோமோசோமில் இருப்பதை 1990இல் அமெரிக்க விஞ்ஞானி மேரி-கிளேர் கிங் காட்டினார். 1994இல் மரபணுவே பிடிபட்டது. அடுத்த ஆண்டே பி.ஆர்.சி.ஏ.2 கண்டறியப்பட்டது. அது பழுதுபார்க்கும் விதத்தைக் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அசோக் வெங்கிட்டராமன். அவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பது நமக்குப் பெருமை.

இந்த மரபணு நமக்கு இரண்டு பிரதிகளாக வருகிறது. ஒன்று அம்மாவிடமிருந்து, மற்றொன்று அப்பாவிடமிருந்து. பெற்றோரில் ஒருவரிடம் குறையுள்ள பிரதி இருந்தால், மகனோ மகளோ, ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே அத்தையின் நோயும் நம் கணக்கில் சேரவேண்டும். பி.ஆர்.சி.ஏ.1இல் குறையுள்ள பெண்களில் சுமார் 70 சதவீதம் பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரக்கூடும். சினைப்பைப் புற்றுநோய் அபாயமும் அதிகம். ஆனால் எல்லோரும் பயப்படவேண்டாம். மார்பகப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை இப்படிப் பரம்பரையாக வருபவை அல்ல.

முன்கூட்டியே தெரிந்தால் செய்யக்கூடியவை பல. இளவயதிலேயே எம்.ஆர்.ஐ. பரிசோதனையைத் தொடங்கலாம். குழந்தைகள் பெற்ற பின் சினைப்பையை அகற்றுவது பற்றி டாக்டரிடம் ஆலோசிக்கலாம். பழுதுபார்க்க இயலாத புற்றுசெல்களின் பலவீனத்தையே பயன்படுத்தி அவற்றைக் கொல்லும் ஒலாபரிப் என்ற மருந்து 2014இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மரபணு ஆலோசனைக்கு மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையும் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன.

தோழியின் ரத்தப் பரிசோதனையில் அந்தக் குறை தெரிந்தது. சிகிச்சை முடிந்து இப்போது நலமாக இருக்கிறார். அவருடைய தங்கையும் பரிசோதித்துக்கொண்டார். அவருக்கு அந்தக் குறை இல்லை. தம்பிக்கு இருக்கிறது. அவருக்கு இரண்டு பெண்கள். வளர்ந்ததும் அவர்களிடம் மறைக்காமல் சொல்லப்போவதாகத் தம்பி சொல்லியிருக்கிறார்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, பெரியவர்கள் அருகில் சற்று நேரம் உட்காருங்கள். அம்மா வழியில் மட்டுமல்ல, அப்பா வழியிலும் யார் யார் எந்த நோயில், எந்த வயதில் காலமானார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்.