தாளம் தப்பும் இருதயத்துக்கு மின்சார வைத்தியம்

மனிதனின் இருதயத்துக்குச் சிக்னல் கொடுப்பது வலது மேலறையில் உள்ள ஒரு சிறு திசு. ஸ்டேஷன் மாஸ்டர் கொடி காட்டுவதுபோல, அது காட்டிய பிறகே மற்ற அறைகள் இயங்கும். சிலருக்கோ வேறிடத்திலிருந்து கள்ளச் சிக்னல் கிளம்பி, மேலறைகள் தாறுமாறாக நடுங்குகின்றன. படபடப்பும் களைப்பும் ஒருபுறமிருக்க, அங்கே தேங்கும் இரத்தம் உறைந்து மூளைக்குப் போனால் பக்கவாதம்தான்.

இந்தச் சிக்னல் பெரும்பாலும் நுரையீரலிலிருந்து வரும் இரத்தக் குழாய்களின் வாயிலருகே பிறக்கிறது என்று 1998-ல் பிரான்சின் போர்தோ நகர டாக்டர் மிஷேல் ஹைசாகேர் குழுவினர் காட்டினார்கள். அதன்பின், தொடை இரத்தக் குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, அந்த வாயிலைச் சுற்றிச் சுட்டோ உறையவைத்தோ சிக்னலை மறிப்பது வழக்கமாயிற்று. ஆனால் இடது மேலறையின் பின்புறத்தை ஒட்டியே உணவுக்குழாய் செல்கிறது. சூடு அதை எட்டினால் புண்ணாகும். மிக அரிதாக இரண்டுக்கும் இடையே ஓட்டையே விழுந்துவிடும். அதற்கு ஆளானவர்களில் பலர் பிழைப்பதில்லை. டாக்டர்களை உறுத்தி வந்தது இதுதான்.

புதிய முறை சூட்டை நம்புவதில்லை. சுமார் 2,000 வோல்ட் மின்சாரம், விநாடியில் பத்து லட்சத்தில் சில பங்கே நீடிக்கும் துடிப்புகளாகப் பாய்கிறது. உயிரணுக்களின் உறையில் துளைகள் விழுந்து அவை மடிகின்றன. இருதயத் தசை இதற்குச் சீக்கிரம் பணிந்துவிடும். உணவுக்குழாயும் நரம்புகளும் அதிகம் தாக்குப்பிடிக்கும்.

இருதயத்துக்குள் மின்சாரம் பாய்ச்சுவது புதிதல்ல என்பதே வேடிக்கை. 1982-ல் சான்பிரான்சிஸ்கோவில் டாக்டர் மெல்வின் ஷைன்மன் குழுவினர் குழாய் வழியாக ஒரே பெரிய ஷாக் கொடுத்துச் சிகிச்சை செய்தார்கள். தீப்பொறியும் அழுத்த அதிர்ச்சியும் ஆபத்தாக இருந்ததால், சூடு வந்ததும் அது ஒதுக்கப்பட்டது. அன்று ஒரேயடியாகக் கொடுத்ததை இன்று அளந்து, நறுக்கிக் கொடுக்கிறார்கள்.

அமெரிக்காவில் 607 நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டின் முடிவு 2023-ல் வெளியானது. ஓராண்டுக்குப் பின் புதிய முறையில் நூற்றுக்கு 73 பேரும், பழைய முறையில் 71 பேரும் நலமாக இருந்தனர். குணமாக்குவதில் பெரிய வித்தியாசமில்லை. 17,000-க்கும் அதிகமானோரைப் பற்றி 2024-ல் வெளிவந்த தொகுப்பில் உணவுக்குழாய் ஓட்டை ஒன்றுகூட இல்லை; இதன் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் மட்டும் மிகச் சிலர் உண்டு.

சிகிச்சைக்குப் பிறகும் குறைந்தது இரண்டு மாதமாவது இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை தொடர வேண்டும். பக்கவாத அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு அதற்கு மேலும் தேவைப்படும். துடிப்பு சீரானதும் தாமாகவே அதை நிறுத்திவிடுகிறவர்கள்தான் டாக்டர்களுக்குக் கவலை.