நீரிடிப் படகுகள்: ஜப்பானியக் கடற்படை கற்ற பாடம்

டார்பிடோ என்னும் சொல் இலத்தீன் மொழியில் மின்திருக்கை மீனைக் குறித்தது. தொட்டவரை மரத்துப்போகச் செய்யும் அம்மீனின் பெயரையே மேலைநாட்டார் நீருக்கடியில் வெடிக்கும் கருவிக்கும் இட்டனர். ஜப்பானியர் அச்சொல்லைக் கடன் பெறவில்லை. 'நீர்', 'இடி' ஆகிய பொருள்தரும் இரண்டு எழுத்துகளை இணைத்துச் 'சுய்ராய்' என்றனர். நீரினுள் தானே ஓடிச் சென்று தாக்கும் கணையை 'மீன் இடி' எனப் பொருள்படும் 'கியோராய்' என்னும் சொல்லால் வழங்கினர். அக்கணையைச் சுமக்கும் படகு 'சுய்ராய்தெய்'. நாம் அதனை நீரிடிப் படகு எனலாம்.

சிறியது பெரியதை வீழ்த்திய காலம்

1866ஆம் ஆண்டில் இராபர்ட் ஒயிட்ஹெட் என்னும் ஆங்கிலப் பொறியாளர் அழுத்தப்பட்ட காற்றால் இயங்கும் கணையை உருவாக்கினார். போர்க்கப்பலின் கவசம் நீர்மட்டத்தை ஒட்டித்தான் தடித்திருக்கும். கணையோ அதற்குக் கீழே தாக்கும். ஆதலால், ஐம்பது டன் எடையுள்ள படகும் பெருங்கப்பலை அச்சுறுத்த முடிந்தது. பெருங்கப்பல்களைக் கட்டும் வசதி அக்காலத்தில் இல்லாத ஜப்பானுக்கு இது நல்வாய்ப்பாயிற்று.

இலண்டனில் யாரோ நிறுவனம் செய்த பகுதிகளைக் கொண்டுவந்து, யோகோசுகாவில் பொருத்தி, 1888இல் 'கோத்தாக்கா' என்னும் படகை ஜப்பான் கடற்படையில் சேர்த்தது. 'சிறு பருந்து' என்பது அப்பெயரின் பொருள். 203 டன் எடையுடன், அந்நாளில் உலகின் மிகப்பெரிய நீரிடிப் படகாக அது விளங்கியது.

1895 பிப்ரவரியில் ஜப்பானியப் படகுகள் கடுங்குளிரில், இரவு வேளையில், சீனாவின் வெய்ஹாய்வெய் துறைமுகத்தினுள் நுழைந்தன. ஏழாயிரம் டன்னுக்கு மேற்பட்ட 'டிங்யுவான்' என்னும் கவசக் கப்பலைத் தாக்கிக் கரைதட்டச் செய்தன. அவ்விரவுத் தாக்குதல்களில் ஒரு படகுக்குத் தலைமை தாங்கிய இளம் அதிகாரி சுசுகி கன்டாரோ. 1945இல் ஜப்பான் சரணடைந்தபோது அந்நாட்டின் தலைமை அமைச்சராக இருந்தவரும் அவரே.

சுமை மிகுந்த படகு

வெற்றி ஆசையை வளர்த்தது. 1930ஆம் ஆண்டின் இலண்டன் கடற்படை உடன்படிக்கை நாசகாரிக் கப்பல்களுக்கு வரம்பு விதித்தது. 600 டன்னுக்கு உட்பட்ட கப்பல்களுக்கு வரம்பில்லை. அந்த இடைவெளியைப் பயன்படுத்த எண்ணிய ஜப்பான், 'சிதோரி' வகைப் படகுகளைக் கட்டியது. நாசகாரிக்குரிய 127 மில்லிமீட்டர் பீரங்கிகள் மூன்றும், நான்கு நீரிடிக் குழாய்களும் அச்சிறு உடலின்மேல் ஏற்றப்பட்டன.

அவ்வகையைச் சேர்ந்த 'தோமோசுரு' 1934 பிப்ரவரி 24ஆம் நாள் பணியில் சேர்ந்தது. மார்ச் 12ஆம் நாள், சசெபோவுக்கு அப்பால் கொந்தளித்த கடலில் இரவுப் பயிற்சியின்போது கவிழ்ந்தது. அதிலிருந்த 113 பேரில் 100 பேர் மாண்டனர். பகைவர் எவரும் அங்கில்லை. புயலும் மேற்சுமையுமே அப்படகை வீழ்த்தின. மயிற்பீலியே ஆயினும் மிகுதியாக ஏற்றினால் அச்சு முறியும் என்று பள்ளியிலே படிக்கின்றோம். அவ்வுண்மை இங்கே நூறு உயிர்களை விலையாகக் கொண்டது.

விசாரணைக்குப் பின் பீரங்கிகள் சிறியனவாக மாற்றப்பட்டன. நீரிடிக் குழாய்கள் நான்கிலிருந்து இரண்டாயின. பிற போர்க்கப்பல்களின் நிலைத்தன்மையும் மறுஆய்வுக்கு உள்ளாயிற்று.

ஏவுகணைக் காலம்

போருக்குப் பின் அமைந்த கடல்சார் தற்காப்புப் படையும் நீரிடிப் படகுகளை வைத்திருந்தது. 1990களில் அவை விடைபெற, ஏவுகணைப் படகுகள் வந்தன. முதலில் வந்த மூன்றும் இத்தாலிய வடிவமைப்பைத் தழுவியவை. நீரினுள் இருக்கும் இறக்கைகளின் விசையால் உடலை மேலே உயர்த்தி விரையக்கூடியவை. ஆயினும், 50 டன் அளவேயான படகு பொங்கும் கடலில் நெடுநேரம் பணியாற்றுவது அரிது.

1999 மார்ச்சில் நோத்தோ தீபகற்பத்திற்கு அப்பால் தோன்றிய ஐயத்திற்குரிய இரு கலங்கள், துரத்தியவர்களுக்குப் பிடிபடாமல் தப்பின. அப்பட்டறிவு புதிய படகின் வடிவமைப்பில் இடம்பெற்றது. 2002 முதல் 2004 வரை பணியில் சேர்ந்த ஆறு 'ஹயாபுசா' வகைப் படகுகள் ஏறத்தாழ 200 டன் எடையும் 44 நாட் வேகமும் உடையவை. ஒவ்வொன்றும் நான்கு ஏவுகணைகளையும் ஒரு 76 மில்லிமீட்டர் பீரங்கியையும் சுமக்கின்றது. அன்றைய படகு எதிரியைச் சில நூறு மீட்டர் வரை நெருங்க வேண்டியிருந்தது. இன்றைய ஏவுகணையோ நூறு கிலோமீட்டருக்கு அப்பாலும் பாய்கின்றது.

'ஹயாபுசா' என்றால் வல்லூறு. 1900ஆம் ஆண்டளவில் பிரான்சில் கட்டிய நீரிடிப் படகும், தோமோசுரு விபத்திற்குப் பின் திருந்திய வடிவில் எழுந்த படகுகளுள் ஒன்றும் இதே பெயரைத் தாங்கியவை. பெயர் நிலைத்தது, படைக்கலம் மாறியது. கருவியின் ஆற்றலைக் கணக்கிடுவோர் அதைத் தாங்கும் உடலின் ஆற்றலையும் கணக்கிட வேண்டும் என்னும் தேவை மட்டும் மாறவில்லை. இவ்வரலாற்றை வகுப்பில் எடுத்துரைக்கும்போது, வெய்ஹாய்வெய் வெற்றியோடு சசெபோவின் இழப்பையும் சேர்த்தே நாம் சொல்லுதல் வேண்டும்.