உறக்கமும் கல்வியும்

தேர்வுக்கு முந்தைய இரவில் மட்டும் நன்றாக உறங்கினால் போதுமா? அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் இவ்வினா ஆராயப்பட்டது. வேதியியல் பயின்ற ஏறத்தாழ 100 மாணவர்கள், உறக்கத்தை அளக்கும் கைப்பட்டையை ஒரு பருவம் முழுவதும் அணிந்தனர். ஆய்வின் முடிவு 2019ஆம் ஆண்டு வெளியாயிற்று. தேர்வுக்கு முந்தைய ஓர் இரவின் உறக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு காணப்படவில்லை. பாடங்களைக் கற்ற வாரங்களில் நாள்தோறும் போதிய நேரம் ஒழுங்காக உறங்கியவர்களே பொதுவாக மிகுந்த மதிப்பெண் பெற்றனர்.

இதற்குக் காரணம் யாது? பகலில் கற்றவற்றை மூளை உறக்கத்தின்போது நினைவில் நிலைநிறுத்துகிறது. கற்ற நாளில் உறக்கம் குறைந்தால் அப்பணியும் குறைவுபடும். பின்னர் ஓர் இரவு நெடுநேரம் உறங்கினாலும் அவ்விழப்பு முழுமையாக ஈடாவதில்லை. ஆகவே, நாள்தோறும் உறங்குவதும் படிப்பின் ஒரு பகுதியே ஆகும்.