நீச்சல் அடித்தால் முடி கொட்டுமா?

எங்க வடக்கனந்தல் பக்கம் பையன்கள் வயல் கிணற்றில் குதித்துத்தான் நீச்சல் பழகுவார்கள். பெண் பிள்ளைகளையும் அனுப்பலாமே என்றால், வருகிற பதில்களில் ஒன்று "முடி கொட்டிடும்" என்பது. வேலைக்காக நகரத்துக்குப் போய், மகளை நீச்சல்குளத்தில் சேர்த்தவர்களும் இதே காரணத்தைச் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். நீச்சல் உயிர் காக்கிற வித்தை. அதை முடிக்காக விட்டுவிடலாமா? நான் மருத்துவன் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். தேடிப் படித்ததைத் தொகுத்துச் சொல்கிறேன்.

முதலில், கொட்டுவது வேறு, உடைவது வேறு. சீப்பில் வந்த முடியின் நுனியைப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து வந்தது. குமிழ் இல்லாத குட்டைத் துண்டு என்றால் நடுவில் உடைந்தது. குளத்துத் தண்ணீர் பெரும்பாலும் செய்வது இரண்டாவது வேலையைத்தான்.

ஏன் உடைகிறது? முடியின் மேல்பக்கம் ஓட்டுக்கூரை மாதிரி. செதில்கள் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். முடி தன் எடையில் சுமார் 30 சதவீதம் வரை தண்ணீர் குடிக்கும், தடிமனும் ஏறத்தாழ 15 சதவீதம் கூடும். காய்ந்தால் மறுபடி சுருங்கும். தினமும் இப்படி உப்பிச் சுருங்கினால் ஓடுகள் தூக்கிக்கொள்ளும். குளத்தில் போடும் குளோரின் மேலே இருக்கிற கொழுப்புப் படலத்தையும் அரிக்கும். ஏற்கெனவே மெலிந்த முடி, சாயம் போட்ட முடி, சுருட்டை முடி என்றால் பாதிப்பு சீக்கிரம் தெரியும். வெளியே நீண்டிருக்கும் முடி உயிரில்லாத பொருள். அடிபட்டால் தானாக ஆறாது. அதனால் முன்கூட்டியே காப்பதுதான் வழி.

இங்கேதான் நம்ம தேங்காய் எண்ணெய் வருகிறது. 2003-இல் ரெலே, மொகிலே என்ற இருவர், தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடிக்கற்றைகளில் தடவிப் பார்த்தார்கள். புரத இழப்பைக் குறிப்பிடத்தக்க அளவு குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு. முடிக்குள்ளே நுழைந்து, தண்ணீர் புகுவதைக் குறைக்கிறது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இருவரும் தேங்காய் எண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். சோதனையும் நீச்சல்குளத்தில் நடந்ததல்ல. ஆனாலும் காரணம் பொருந்தி வருகிறது, செலவும் குறைவு.

சரி, என்ன செய்யலாம்?

இறங்கும் முன் நல்ல தண்ணீரில் தலையை நனையுங்கள். ஏற்கெனவே ஊறிய முடி குளத்துத் தண்ணீரைக் குறைவாகத்தான் குடிக்கும். எண்ணெயை முந்தின இரவே கொஞ்சமாகத் தடவுங்கள். வழிய வழியத் தடவினால் அது குளத்தில் மிதக்கும், குளோரினையும் வீணாக்கும். தளர்வாகப் பின்னி, தொப்பி போடுங்கள்.

தொப்பியிலும் ஒரு சிக்கல் உண்டு. அடர்ந்த நீள முடி சாதாரணத் தொப்பிக்குள் அடங்காது. ஆப்பிரிக்க வம்சாவளியினரின் முடிக்காகச் செய்த 'சோல் கேப்' என்ற பெரிய தொப்பியை 2021-இல் உலக நீச்சல் கூட்டமைப்பு போட்டிகளுக்கு ஏற்கவில்லை. எதிர்ப்புக்குப் பிறகு 2022-இல் ஏற்றது. பயிற்சிக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. பெரிய அளவாகக் கேட்டு வாங்குங்கள்.

ஏறியதும் உடனே அலசுங்கள். துண்டால் முறுக்கித் துவட்டாமல் ஒற்றி எடுங்கள். ஈர முடி இழுத்தால் நீண்டு சட்டென்று உடையும். கொஞ்சம் உலர்ந்த பிறகு, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுங்கள். ஷாம்பூ தினமும் வேண்டாம். போடும் நாளில் கண்டிஷனரும் சேர்த்துப் போடுங்கள். கிணற்று நீச்சலுக்கும் இதேதான். அங்கே குளோரின் இல்லை, ஆனால் உப்புத் தண்ணீராக இருந்தால் முடி சொரசொரப்பாகும். நல்ல தண்ணீரில் அலசினால் போதும்.

இதையெல்லாம் செய்தும் குமிழோடு கொத்துக்கொத்தாக முடி வந்தால், குளத்தைக் குறை சொல்லி நீச்சலை நிறுத்தாதீர்கள். இரும்புச்சத்தும் தைராய்டும் சரியாக இருக்கிறதா என்று டாக்டரிடம் காட்டிப் பார்த்துவிடுங்கள்.