பல்லில் கடித்துப் பார்த்த மண்

குள்ளஞ்சாவடிப் பக்கம் முந்திரித் தோப்புகளில் செம்மண் வெட்டிய பள்ளம் இருந்தால், அதன் சுவரிலிருந்து ஒரு கட்டியைப் பெயர்த்துப் பாருங்கள். விரலால் அழுத்தினால் நாட்டுச் சர்க்கரை போல உதிரும். புவியியல் நூல்களில் இதற்குப் பெயரே 'கடலூர் மணற்கல்'.

இப்போது வீட்டு வாசற்படிக் கருங்கல்லை உற்றுப் பாருங்கள். அதிலும் மணிகள் உண்டு, ஆனால் உதிராது. பூமிக்கடியில் குழம்பாக இருந்து மெல்ல ஆறியபோது, மணிகள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டே வளர்ந்தவை அவை. மணற்கல்லின் மணிகளோ தண்ணீர் அடித்து வந்து சேர்த்தவை. நடுவே சந்து இருக்கும். ஒட்டவைக்கும் பசையில் இரும்பு கலந்தால் சிவப்பு நிறம்.

மணிக்கு அளவும் உண்டு. 2 மில்லிமீட்டருக்கு மேல் என்றால் சரளை. அதிலிருந்து மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்கு வரை மணல். அதற்கும் கீழே வண்டல், பிறகு களி. இந்த இரண்டையும் கண்ணால் பிரிப்பது கஷ்டம். அதனால் புவியியலாளர்கள் ஒரு துணுக்கை முன்பல்லில் வைத்துக் கடிப்பார்கள்! நறநறத்தால் வண்டல், வழுவழுத்தால் களி. பார்க்க வேடிக்கைதான், ஆய்வுக்கூடம் இல்லாத இடத்தில் கைகொடுக்கும் சோதனை.

மணற்கல்லின் மணிகளுக்கு நடுவே உள்ள சந்துகளில்தான் நம் நிலத்தடி நீர் நிற்கிறது. நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு அடியிலுள்ள மணல் அடுக்கில் அந்த நீர் மேல்நோக்கி முட்டுகிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைத்தால்தான் சுரங்கத்தில் கரி வெட்ட முடியும்.