முகப்பூச்சுக்குப் பின்னால் ஒரு சங்கம்

முகத்தில் பூசும் கிரீமையும் தலைக்குப் போடும் ஷாம்பூவையும் தயாரிப்பதற்கென்றே படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கென்று ஒரு சங்கம் இருக்கிறது, அந்தச் சங்கத்துக்கு ஊர் ஊராகக் கிளைகளும் இருக்கின்றன என்று சொன்னால் நம் உறுப்பினர்களில் சிலர் சிரிக்கக்கூடும். "சங்கம் இல்லாத தொழில் எது ஐயா, ரயில்வேயில் இல்லாத சங்கமா?" என்று என் பழைய சகாக்கள் கேட்பார்கள். இது கொடி பிடிக்கும் சங்கம் அல்ல. சம்பள உயர்வு கேட்கும் சங்கமும் அல்ல. ஒன்றுக்கொன்று போட்டியான கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள் மாலை நேரத்தில் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டு, பிறகு ஒருவருக்கொருவர் பாடம் சொல்லிக்கொள்ளும் சங்கம்.

'சொஸைட்டி ஆஃப் காஸ்மெடிக் கெமிஸ்ட்ஸ்' என்ற இந்த அமைப்பு 1945-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. நாடு முழுவதும் அதற்குச் சுமார் இருபது வட்டாரக் கிளைகள். அவற்றில் பெரியது நியூயார்க் கிளை. பெயர்தான் நியூயார்க், தொழில் நடப்பது பெரும்பாலும் ஆற்றுக்கு இந்தப் பக்கம் நியூஜெர்ஸியில். லோரியாலின் ஆராய்ச்சிக்கூடம் கிளார்க் என்ற ஊரிலும், கால்கேட்டின் தொழில்நுட்ப மையம் பிஸ்கடவேயிலும் இருக்கின்றன. பிஸ்கடவே, எடிசன் என்ற பெயர்களெல்லாம் மாதுங்கா, செம்பூர் குடும்பங்களுக்கு இன்று அண்டை ஊர் மாதிரி. பிள்ளையோ பெண்ணோ அங்கே இருப்பார்கள்; பிரசவத்துக்கு ஒரு தடவையாவது போய் வந்திருப்போம். அப்படி நானும் போன இடத்தில்தான், இதே தொழிலில் இருக்கும் என் மாப்பிள்ளை குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்த கிளையின் வருடாந்தர நிகழ்ச்சி நிரலைப் படித்தேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை?

நிரல் பார்க்கச் சாதாரணமாகத்தான் இருந்தது. ஒரு மாலைக் கூட்டம், சாப்பாடு, அதன்பின் ஒரு தொழில்நுட்ப உரை. கெட்டுப்போகாமல் காக்கும் பொருள்களைப் பற்றி ஒருநாள் வகுப்பு. புதிய சட்டம் என்ன சொல்கிறது என்று விளக்க ஒரு வகுப்பு. மாணவர்களுக்கு உதவித்தொகை. பணம் திரட்ட ஒரு கோல்ஃப் ஆட்டம். வசந்த காலத்தையொட்டி 'சப்ளையர்ஸ் டே' என்ற பெரிய திருவிழா. எண்ணெய், நிறமி, நறுமணம், மெழுகு என்று மூலப்பொருள் விற்பவர்கள் நூற்றுக்கணக்கில் கடை விரிப்பார்கள். முன்பு எடிசனில் நடந்துகொண்டிருந்தது, இடம் போதாமல் இப்போது மன்ஹாட்டனில் ஜாவிட்ஸ் மண்டபத்தில் நடக்கிறது. வருடக் கடைசியில், டிசம்பரில், எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான விஞ்ஞான மாநாடு. கிளைக்கென்று 'காஸ்மெட்டிஸ்கோப்' என்றொரு செய்தி இதழும் உண்டு. நம் சங்க இதழைப் போலத்தான், சந்தா பாக்கி பற்றிய புலம்பல் மட்டும் கண்ணில் படவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். "ஃபார்முலா என்றால் கம்பெனிக்கு உயிர். போட்டிக்காரனோடு உட்கார்ந்து சாப்பிட்டால் அது வெளியே போகாதா?" என்று மாப்பிள்ளையைக் கேட்டேன்.

"ஃபார்முலாவை யாரும் சொல்ல மாட்டார்கள், மாமா. எது சொதப்பியது என்பதைத்தான் பேசுவோம். ஒருத்தன் கிரீம் கண்ணைக் கெடுத்தால் எல்லாருடைய கிரீமும் விற்காது" என்றார்.

இந்தப் பதில் எனக்கு உடனே விளங்கியது. ரயில்வேயில் எங்காவது ஒரு விபத்து நடந்தால், ரயில்வே பாதுகாப்பு ஆணையர் விசாரிப்பார். அவர் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் வருபவர் அல்ல, சிவில் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் வருபவர் என்பது பலருக்குத் தெரியாது. தேர்வு எழுதியவனே விடைத்தாளைத் திருத்தக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அவர் கண்ட காரணம் எல்லா மண்டலங்களுக்கும் போகும். கௌஹாத்தியில் ஒரு அச்சு உடைந்ததற்கு மாதுங்காப் பணிமனையில் நாங்கள் எங்கள் அச்சுகளைத் தட்டிப் பார்த்திருக்கிறோம். ஆனால் ரயில்வேக்கு முதலாளி ஒருவர். ஆயிரம் முதலாளிகள் இருக்கும் தொழிலில் இந்தச் செய்தி எப்படிப் பரவும்? அதற்குத்தான் இந்த மாலைச் சாப்பாடும் உரையும்.

சொதப்பினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தத் தொழிலில் எல்லாரும் சொல்லும் கதை 'லாஷ் லூர்'. கண் இமை முடிக்குக் கறுப்பேற்றும் சாயம் அது. 1933-இல் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் ஒரு பெண் அழகு நிலையத்தில் அதைப் போட்டுக்கொண்டு பார்வையை இழந்தார். பலருடைய கண்கள் பாதிக்கப்பட்டன. ஒருவர் இறந்தே போனார். காரணம் பாராஃபினிலீன்டயமீன் என்ற சாயப்பொருள். தொழிலில் இதைச் சுருக்கமாக பி.பி.டி. என்பார்கள். இவ்வளவு நடந்தும் அந்தப் பொருளைக் கடையிலிருந்து எடுக்க அன்றைய அமெரிக்க அரசுக்குச் சட்டத்தில் இடமில்லை. உணவு, மருந்துக்குச் சட்டம் இருந்தது, அழகுசாதனத்துக்கு இல்லை. அதிகாரிகள் பாதிக்கப்பட்டவர்களின் முன்-பின் புகைப்படங்களைக் கண்காட்சியாக வைத்தார்கள். சட்டம் வர ஐந்து ஆண்டுகள் ஆயின. 1938-இல் வந்த சட்டத்தின்படி முதலில் பறிமுதலான அழகுசாதனப் பொருளே லாஷ் லூர்தான்.

அந்தச் சட்டம் பி.பி.டி.யைத் தலைமுடிக்குத் தடை செய்யவில்லை. ஆனால் பெட்டியில் ஓர் எச்சரிக்கை அச்சிடச் சொன்னது: சிலருக்குத் தோல் எரிச்சல் உண்டாகலாம், முதலில் சிறிது தடவிச் சோதித்துப் பார்க்க வேண்டும், இமைக்கோ புருவத்துக்கோ போடக் கூடாது, போட்டால் பார்வை போகலாம் என்று. வாசகர்கள் இப்போது எழுந்து போய் வீட்டில் இருக்கும் தலைச்சாயப் பெட்டியைப் பார்க்கலாம். நம் நாட்டு விதிகளும் ஏறக்குறைய அதே வாசகத்தைத்தான் அச்சிடச் சொல்கின்றன, அதுவும் ஆங்கிலத்திலும் வட்டார மொழிகளிலும். டேட்டன் நகரத்துப் பெண்ணின் கண் போன கதை மாதுங்கா மார்க்கெட்டில் விற்கும் பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து, இரண்டு நாள் காத்திருந்து, பிறகு சாயம் போட்டுக்கொள்கிறோம்? கல்யாணத்துக்கு முதல் நாள் இரவுதான் நமக்கு நரை கண்ணில் படுகிறது.

நிரலில் இருந்த இன்னொரு விஷயம், கெட்டுப்போகாமல் காக்கும் பொருள்கள் பற்றிய வகுப்பு. இதில் என்ன பெரிய பாடம் என்று நினைத்தேன். இருக்கிறது. கிரீம் என்பது எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் கலந்து நிற்கும் ஒரு கலவை. தண்ணீர் இருக்கும் இடத்தில் கிருமி வளரும். அதிலும் நாம் தினமும் விரலை விட்டு எடுக்கிறோம். 1970-களில் அமெரிக்காவில் கண்மை மாதிரிப் போடும் மஸ்காராவில் கிருமி வளர்ந்து, தூரிகை பட்டுக் கீறிய கருவிழியில் புண் வந்தது. அதனால் இப்போது ஒரு புதுக் கிரீமைக் கடைக்கு அனுப்புமுன், அதில் வேண்டுமென்றே பாக்டீரியாவையும் பூஞ்சையையும் எண்ணிப் போட்டு, இருபத்தெட்டு நாள் வைத்து, எவ்வளவு செத்தது, எவ்வளவு பிழைத்தது என்று பார்க்கிறார்கள். பாலம் கட்டி முடித்ததும் எஞ்சின்களை நிறுத்திப் பாரச் சோதனை செய்வது போல. நம் கடலூர் சின்னிகிருஷ்ணன் முன்னோடியாக நின்று பரப்பிய சின்ன சாஷே விலைக்காகத்தான் ஓடியது. ஆனால் ஒரு தடவை கிழித்து ஊற்றி எறிந்துவிடுவதால் விரல் படும் தொல்லையும் அதில் இல்லை. குப்பைத் தொல்லை வேறு கதை.

இந்தக் காக்கும் பொருள்களில் பாராபென் என்பது ஒரு குடும்பம். பல பத்தாண்டுகள் பயன்பாட்டில் இருந்தது. 2004-இல் வெளியான ஒரு சிறிய ஆய்வுக்குப் பிறகு பொதுமக்களுக்கு அதன்மேல் பயம் வந்தது. 'பாராபென் இல்லாதது' என்று போட்டால்தான் விற்கும் என்ற நிலை. சரி, அதை எடுத்துவிட்டு எதைப் போடுவது? பல கம்பெனிகள் மெத்தில்ஐஸோதையஸோலினோன் என்ற, வாயில் நுழையாத ஒன்றை அதிகமாகப் போட ஆரம்பித்தன. சில ஆண்டுகளில் ஐரோப்பாவில் தோல் மருத்துவர்களிடம் அரிப்பும் கொப்புளமுமாகக் கூட்டம் கூடியது. 2013-இல் அமெரிக்கத் தொடு ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கம் இதையே 'அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று அறிவித்தது. பிறகு, கழுவாமல் தோலிலேயே விட்டுவிடும் கிரீம் வகைகளில் இதைப் போடக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் தடுத்தது. பழைய பாராபென்களில் சில இன்றும் அங்கே அளவோடு அனுமதிக்கப்பட்டவைதான். பேயை ஓட்டிப் பூதத்தை அழைத்த கதை. லேபிளில் 'இல்லாதது' என்ற வார்த்தையைப் பார்த்தால், அப்படியானால் இருப்பது என்ன என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு.

புதிய சட்டம் பற்றிய வகுப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1938 சட்டத்துக்குப் பிறகு அமெரிக்காவில் அழகுசாதனத்துக்குப் பெரிய திருத்தம் 2022 டிசம்பர் கடைசியில்தான் வந்தது. தீங்கான பொருளைத் திரும்பப் பெறக் கட்டளையிடும் அதிகாரமே அரசுக்கு அப்போதுதான் கிடைத்தது. எண்பத்து நான்கு வருஷம்! நம் நாட்டில் 1940 மருந்துச் சட்டத்தில் அழகுசாதனம் 1962 திருத்தத்தில் சேர்ந்தது. தனி விதிகள் 2020-இல் வந்தன. விலங்குகள் மீது சோதிப்பதை நாம் 2014-இலேயே தடை செய்துவிட்டோம். இந்த ஒரு விஷயத்தில் நாம் பின்தங்கவில்லை.

ஆனால் விதி எழுதுவது வேறு, விதி தெரியாதவன் கொல்லைப்புறத்தில் கலக்குவது வேறு. 2023-இல் கேரளாவில் மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரில் புரதம் கசியும் நோயோடு சிலர் அடுத்தடுத்து வந்தார்கள். மருத்துவர்கள் துருவிக் கேட்டபோது பொதுவாக இருந்தது ஒன்றுதான்: முகம் சிவப்பாக வேண்டும் என்று பூசிய கிரீம். சோதித்ததில் பாதரசம். பாதரசம் தோலில் நிறம் உண்டாகும் வேலையைத் தடுத்துவிடும்; அதனால் ஒரு வாரத்தில் முகம் வெளுக்கும். தோல் வழியே உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் உட்கார்ந்துகொள்ளும். நம் விதிப்படி, தெரியாமல் கலந்துவிடும் பாதரசம்கூடக் கிரீமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. கேரள அரசு 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்று கடை கடையாகச் சோதனை நடத்தியது. அந்தக் கிரீம்களில் பலவற்றில் தயாரித்தவர் விலாசமோ உரிம எண்ணோ சரியாக இல்லை. மாலைக் கூட்டத்துக்கு வருபவர் எவரும் அப்படிப்பட்ட டப்பாவைத் தயாரிக்கப் போவதில்லை என்பது வாஸ்தவம்தான். ஆனால் எந்தக் கிரீமும் ஒரு வாரத்தில் நிறத்தை மாற்றாது, மாற்றினால் அதில் வேறு ஏதோ இருக்கிறது என்று ஊருக்குச் சொல்லத் தகுதியுள்ளவர்கள் அவர்கள்தான். அதைக் கூட்ட அறைக்குள் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் போதாது என்பது என் அபிப்பிராயம். மாப்பிள்ளையிடமும் சொன்னேன், மறுக்கவில்லை.

நம் மும்பையிலும் 'இந்திய அழகுசாதன வேதியியலாளர் சங்கம்' என்ற அமைப்பு இருக்கிறது. கருத்தரங்கமும் பயிற்சி வகுப்பும் நடத்துகிறார்கள். அவர்களில் ஒருவரை நம் மாதர் பிரிவின் கூட்டத்துக்கு அழைத்து, உறுப்பினர்கள் வீட்டு டப்பாக்களைக் கையோடு கொண்டுவந்து கேள்வி கேட்க ஏற்பாடு செய்யலாம் என்று செயலாளருக்கு ஒரு யோசனை எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஷாம்பூ மட்டுமல்ல, சோப்பையும் கொண்டு வரலாம். உறையில் 'டாய்லெட் சோப்' என்று இருக்கிறதா, 'பாத்திங் பார்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். முதல் தரச் சோப்பில் கொழுப்புப் பொருள் 76 சதவீதமாவது இருக்க வேண்டும். பாத்திங் பாருக்கு 40 இருந்தாலே போதும். விலையில் அந்த வித்தியாசம் எப்போதும் தெரியாது. எங்கள் ரயில்வே ஆய்வகத்தில் சோப்பைச் சோதிக்காமல் வாங்கியதில்லை. இது வீட்டுக்கும் தெரிந்திருக்கலாமே.

இன்னொரு செய்தி பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு. இந்தத் தொழிலுக்கான படிப்பு மாதுங்காவிலேயே இருக்கிறது. 1933-இல் பல்கலைக்கழகத் துறையாகத் தொடங்கி, யு.டி.சி.டி. என்று நமக்குப் பழகிய அதே கல்லூரிதான் இன்று ஐ.சி.டி. அங்கே எண்ணெய், சோப்பு, நுரைப்பொருள்கள் பற்றி பி.டெக். பட்டப்படிப்பு உண்டு. கெமிஸ்ட்ரி பிடிக்கும், ஆனால் கம்ப்யூட்டர்தான் எடுக்க வேண்டுமா என்று விழிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் ஒருநாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். எம்.ஹெச்.டி. சி.இ.டி., ஜே.இ.இ. மெயின் மதிப்பெண்களை வைத்து இடம் கொடுக்கிறார்கள். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் இருப்பவர்கள் நடந்தே போய்விடலாம்.