கதையும் கணக்கும்

மெய்நிகழ்ச்சிகளைத் தனிமனிதர் வாழ்வினூடாகக் கதைபோல் உரைக்கும் எழுத்து வாசகரை ஈர்ப்பது ஏன்? உருக்கமே காரணம் என்பர் பலர். அவ்விடை போதாது என்பது எமது கருத்து. 1946இல் ஜோன் ஹேர்சி ஹிரோசிமாவின் அழிவை, உயிர்தப்பிய அறுவரின் அனுபவங்களாக எழுதினார். மாண்டோர் தொகை உணர்த்தாத பலவற்றை அவ்வறுவர் வாழ்வு உணர்த்திற்று.

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை தாக்கிய கல்குடாவை நோக்குவோம். மட்டக்களப்புப் பிரதேசத்தில் வீடு சீதனமாகப் பெண்ணுக்கு உரித்தாவது மரபு. பேரலையின் பின்னரான வீடமைப்போ 'குடும்பத் தலைவர்' என்னும் கருத்தை அடிப்படையாகக் கொண்டது. அவர் பெரும்பாலும் ஆணாகவே கொள்ளப்பட்டார். இதனால், தாய்வழி வந்த வீட்டைக் கடலிடம் இழந்த பெண்கள் பலர், புதுவீட்டின் உரிமையைப் படிவத்திடம் இழக்க நேர்ந்தது. கட்டிமுடித்த வீடுகளின் அட்டவணையில் இவ்விழப்புக்கு இடமில்லை. தாயிடமிருந்து மகளுக்கு வந்த ஒரு வீட்டின் கதையைப் பின்தொடர்பவரே இதனைக் காண்பார்.

சமூக உறவுகள் ஒருவர் வாழ்விற் செயற்படுமாற்றைக் காட்டுவதே இவ்வெழுத்தின் உண்மையான கவர்ச்சி எனலாம். ஆயின், பெண்ணின் கண்ணீரை எழுதிப் படிவத்தை எழுதாது விடுபவர், அவள் துயரத்தை விற்பனைப் பொருளாக்குகின்றார். கணக்கு மறைத்ததைக் கதை வெளிப்படுத்த வேண்டும்; அக்கதை எத்தனை வீடுகளுக்குப் பொருந்தும் என்பதைக் கணக்கு சொல்லவேண்டும்.